வராதவளின் மேசை

போட்டிக்குப் பள்ளிக்கு இரண்டு பேரைத்தான் அனுப்பலாம் என்று கடிதத்தில் போட்டிருந்தது. எங்கள் மாகாணத்துப் பல்கலைக்கழகம் ஒன்று மேல்வகுப்பு மாணவர்களுக்காக நடத்தும் கணிதப் போட்டி. காலையில் ஆளுக்கொரு தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்யும் இன்னொரு தாள். எங்களுடையது பதுளைக்கு மேலே, பஸ் முக்கி முனகிக்கொண்டு ஏறிவரும் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். அப்படியொரு கடிதம் அதற்கு முன் அதிபரின் மேசைக்கு வந்ததில்லை. அவர் அதைக் காலைக் கூட்டத்தில் இரண்டு தடவை வாசித்தார்.

நான் அப்போது பதினோராம் ஆண்டில் இருந்தேன். கணக்கு டீச்சர் வகுப்பிலேயே ஒரு தேர்வு வைத்தார். முதலாவதாக வந்தவள் ஆறாம் ஆண்டிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். இரண்டாவது நான். ஆனால் அவளுக்கும் எனக்கும் நடுவே இருந்த தூரம் எனக்குத்தான் தெரியும். நான் கணக்கைப் படித்து, கோடு போட்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போய் விடையைப் பிடிக்கிறவள். அவள் கேள்வியைப் பார்ப்பாள். பென்சிலின் மொட்டை முனையால் மேசையில் தட்டத் தொடங்குவாள். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, இரண்டு தட்டு. மறுபடியும் மூன்று, இரண்டு. அந்தத் தட்டு நின்றதென்றால் விடை வந்துவிட்டது என்று அர்த்தம். விடையை எழுதிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எப்படி வந்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அதனால் டீச்சர் அவளுக்குப் பாதி மார்க்குதான் போடுவார். "விட சரிதான் மகள், வழி எங்க?" என்று கேட்பார். டீச்சர் பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. எங்களை மகள் என்றுதான் கூப்பிடுவார். எங்களைவிட ஏழெட்டு வயதுதான் அவருக்குக் கூட.

போட்டிக்கு முந்திய நாள், வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு நாங்கள் இருவரும் வகுப்பிலேயே இருந்து பழைய கணக்குகளைப் போட்டுப் பார்த்தோம். ஒரு வாரமாக விடாத மழை. தகரக் கூரையில் அது விழும் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது. ஒரு கணக்கு இப்படி இருந்தது: பத்துப் படிகள் உள்ள படிக்கட்டில் ஒருவன் ஏறுகிறான். ஒரு தடவையில் ஒரு படியோ இரண்டு படியோ ஏறலாம். எத்தனை விதமாக அவன் உச்சிக்குப் போகலாம்?

நான் ஒன்றொன்றாக எழுதிக்கொண்டிருந்தேன். அவள் தட்டினாள். தட்டு நின்றது. "எண்பத்தொன்பது" என்றாள்.

"எப்பிடி?"

"எண்பத்தொன்பதுதான்டி. பின்னால திருப்பிப் பாரு."

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எண்பத்தொன்பது என்றுதான் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க எழுதியும் நான் பாதியில் நின்றுகொண்டிருந்தேன். "எழுதத் தெரியாத விடைக்கு யாரு மார்க் போடுவா? மத்தியானம் சேந்து செய்யுற தாள்ல நான்தான் எழுதணும். நான் இல்லன்னா நீ வெறும் தட்டுற சத்தம்தான்" என்றேன்.

சொல்லும்போதே அது அதிகப்படி என்று தெரிந்தது. அவள் புத்தகத்தை மூடினாள். பென்சிலைப் பெட்டியில் போட்டு, பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு மழையிலேயே நடந்து போய்விட்டாள். குடையை விரிக்கவும் இல்லை. நான் கூப்பிடவும் இல்லை.

அவளுடைய வீடு மேல் பிரிவில். அங்கே தோட்டத்து ஆட்கள் இருக்கும், ஆறு காம்பரா வரிசையாக உள்ள ஒரு பழைய லயம். அதில் மூன்று காம்பராவில் ஆட்கள் இல்லை. கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போனவர்கள் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அவளும் அம்மாவும் இருந்தது கடைசிக் காம்பராவில், மலையை வெட்டி எடுத்த மண்சுவரை ஒட்டி. எங்கள் வீடு கீழ்ப் பிரிவில். இரண்டுக்கும் நடுவில் பிள்ளைக் காம்பரா இருந்தது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். என் அம்மா அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு அப்பா என்னைப் பஸ் நிற்கும் சந்தியில் விட்டார். மழை விட்டிருந்தது. அதற்குப் பதிலாகப் பனி இறங்கியிருந்தது. எதிரே இருக்கும் தேயிலைத் தொழிற்சாலையே தெரியவில்லை. அதன் விளக்கு மட்டும் வெளிறிப்போய் ஆகாயத்தில் தொங்குவது போல இருந்தது. நாங்கள் இருவரும் அங்கே சந்தித்து ஆறு மணி பஸ்ஸில் பதுளைக்குப் போவதென்றும், டீச்சர் பஸ் ஸ்டாண்டில் நிற்பார் என்றும் ஏற்பாடு.

மேல் பிரிவிலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. ஈரமண்ணில் ரப்பர் செருப்பு ஒட்டிப் பிரியும் சத்தம். அவள் வருகிறாள் என்று நினைத்து, என்ன சொல்லிப் பேச்சை ஆரம்பிப்பது என்று யோசித்தேன். சத்தம் பாதை திரும்பும் இடம் வரை வந்தது. அங்கே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்தேன். பனிக்குள்ளிருந்து யாரும் வரவில்லை.

"யாருப்பா அது?" என்றேன்.

அப்பா எட்டிப் பார்த்தார். "யாரு? ஒருத்தரும் இல்லியே" என்றார்.

பஸ் வந்தது. அடுத்த பஸ் எட்டு மணிக்குத்தான். "கோவத்துல வேணும்னே வராம இருக்கா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். அப்போது நான் அதை உண்மையாகவே நம்பினேன். பாதி வழியில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது. இதை இன்றைக்கும் மறைக்க முடியாது. அவள் இல்லாமல் ஒரு தடவையாவது நான் முதலாவதாக உட்காரப் போகிறேன் என்ற சந்தோஷம்.

பதுளை பஸ் ஸ்டாண்டில் டீச்சர் என்னைப் பார்த்ததும் கேட்டார். "மத்தவ எங்க மகள்?"

"வரலீங்க டீச்சர். ஏன்னு தெரியல."

டீச்சர் அவளுடைய அம்மாவின் போனுக்கு எடுத்தார். "ஓஃப் பண்ணி ஈக்கிதே" என்றார். அந்த அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது மழைக்குப் பயந்து போனை அணைத்துப் பையில் சுற்றி வைப்பது வழக்கம். வேறு வழியில்லாமல் நாங்கள் இருவரும் முச்சக்கர வண்டியில் பல்கலைக்கழகத்துக்குப் போனோம்.

மண்டபம் பெரியது. எல்லவிலிருந்து, வெலிமடையிலிருந்து, மொனராகலையிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்திருந்தார்கள். வெள்ளைச் சீருடையில் நூற்றுக்கு மேல் இருக்கும். அவ்வளவு பேர் இருந்தும் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பனி அங்கேயும் வந்திருந்தது. உயரத்தில் இருந்த கண்ணாடிச் சட்டங்களின் இடுக்கு வழியாக அது உள்ளே இறங்கிக் கூரைக்குக் கீழே நின்றது. பின்வரிசையில் இருந்தவர்களின் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு மேசையிலும் சுட்டெண் ஒட்டியிருந்தார்கள். ஒரே பள்ளிப் பிள்ளைகள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. எனக்கு இடப்பக்கத்தில் இருந்தது அவளுடைய மேசை. ஆள் வராவிட்டாலும் அரை மணி நேரம் வரை வினாத்தாள் மேசையில் இருக்க வேண்டும் என்பது விதியாம். அதனால் அந்த வெற்று மேசையிலும் ஒரு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள்.

ஒன்பது மணிக்கு மணி அடித்தது. முதல் மூன்று கணக்குகளைச் சுலபமாகச் செய்தேன். நான்காவதில் நின்றேன். அப்போதுதான் கேட்டது.

மூன்று தட்டு. இடைவெளி. இரண்டு தட்டு.

முதலில் எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. ஐந்து வருடமாக இடப்பக்கத்தில் கேட்டுப் பழகிய சத்தம். தலையைத் தூக்காமல் இன்னும் இரண்டு வரி எழுதினேன். பிறகுதான் பென்சில் என் கையில் நின்றது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலி மேசைக்குள் தள்ளியபடியே இருந்தது. கவிழ்த்து வைத்த தாள் அசையவில்லை. அந்தப் பக்கத்திலிருந்துதான் சத்தம் வந்தது. மூன்று, இரண்டு. மூன்று, இரண்டு.

பின்னால் யாராவது தட்டுகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். எல்லாருடைய தலையும் குனிந்திருந்தது. கையை நீட்டி அந்த மேசையைத் தொட்டேன். பனியில் நனைந்து சில்லென்று இருந்தது. உள்ளங்கைக்கு ஒரு அதிர்வும் தெரியவில்லை. ஆனால் சத்தம் நிற்கவில்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு உதவியாக ஒரு பல்கலைக்கழக மாணவியைப் போட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்து அக்கா. அவர் என் பக்கத்தில் வந்து குனிந்து, "தங்கச்சி, மேசையில தட்டாதேங்கோ. மற்றப் பிள்ளையளுக்குக் குழப்பமாக் கிடக்கு" என்றார்.

"நான் தட்டலீங்க அக்கா."

பென்சிலை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக் காட்டினேன். நாங்கள் இருவரும் அப்படியே இருந்தோம். மூன்று, இரண்டு என்று மறுபடியும் கேட்டது. அக்கா என் கைகளைப் பார்த்தார். பிறகு பக்கத்து மேசையைப் பார்த்தார். அவருடைய முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போவதை நான் பார்த்தேன்.

"தண்ணிப் பைப்பாயிருக்கும். குளிருக்கு இப்பிடிச் சத்தம் போடுறது" என்று எனக்குச் சொன்னார். இன்னும் அரை மணி ஆகவில்லை. ஆனாலும் அந்த மேசையிலிருந்த வினாத்தாளை விரல்நுனியால் எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் முன்பக்கம் போய்விட்டார்.

நான் மறுபடியும் எழுத முயன்றேன். தண்ணீர்ப் பைப்புத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடியவில்லை. வகுப்பில் எவ்வளவு கடினமான கணக்காக இருந்தாலும் அவள் நாலைந்து நிமிடத்துக்கு மேல் தட்டியதில்லை. இது கால் மணி நேரமாகப் போய்க்கொண்டிருந்தது. விடை கிடைக்காமல் தட்டிக்கொண்டே இருக்கிறாள் என்று என் மனம் கணக்குப் போட்டது.

கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டு வெளியே போனேன். நடைபாதையில் சத்தம் இல்லை. முகத்தைக் கழுவினேன். குழாயை மூடிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டேன். பைப்பில் ஒன்றும் இல்லை. மலைச்சரிவில் எங்கோ ஒரு பறவை மட்டும் கத்தியது. எல்லாம் என் குற்ற உணர்ச்சிதான் என்று தீர்மானித்து, கொஞ்சம் தைரியமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

சத்தம் அங்கே இருந்தது. ஆனால் மெதுவாகியிருந்தது. மூன்று தட்டுக்கும் இரண்டு தட்டுக்கும் நடுவே முன்பு ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருக்கும். இப்போது நான் ஒரு வரியை வாசித்து முடிக்கும் நேரம் இருந்தது. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கூட. அதற்கடுத்தது இன்னும்.

வகுப்பில் அந்தத் தட்டு நிற்பதற்காக நான் எத்தனையோ தடவை காத்திருந்திருக்கிறேன். அன்றைக்கு அது நின்றுவிடுமோ என்று பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். மூன்று கேட்டது. இரண்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். இருபத்தொன்று எண்ணியபோது ஒரே ஒரு தட்டு கேட்டது.

எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அந்த அக்கா ஓடி வந்தார். "இப்ப வெளியில போனா திரும்ப உள்ள விடமாட்டினம். யோசிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி."

"போகணுங்க அக்கா" என்றேன். தாளைக் கொடுத்தேன். நாலாவது கணக்கு பாதியில் இருந்தது. அவர் ஏன் என்று கேட்கவில்லை. கதவுவரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்து விட்டார்.

டீச்சர் வெளியே மற்றப் பள்ளி ஆசிரியர்களோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "என்ன மகள், பேப்பர் முடிஞ்சிட்டா?" என்று எழுந்து வந்தார். நான் போனைக் கேட்டேன். எதற்கு என்று கேட்டதற்கு, அவளுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்றார். சத்தம் கேட்டது என்றேன்.

"ஒரு சத்தத்துக்காகவா வெளிய வந்த?" டீச்சருக்கு அழுகையே வரும்போல இருந்தது. இந்தப் போட்டிக்காக அவர் மூன்று வாரம் பள்ளி விட்டபின் எங்களோடு இருந்தவர். ஆனாலும் போனைக் கொடுத்துவிட்டார்.

அம்மா எடுத்தாள். பின்னால் குழந்தைகள் அழும் சத்தம்.

"அம்மா, மேல் லயத்துல போய் அவ இருக்காளான்னு பாருங்கம்மா."

"பரிச்ச எழுதாம என்னாடி இது? மேலுக்குச் சொகமில்லாம படுத்திருப்பா. புள்ளைங்கள விட்டுட்டு நான் எப்பிடிப் போறது?"

"அம்மா, இப்பவே போங்க. கெஞ்சிக் கேக்குறேம்மா."

நான் அப்படிக் கெஞ்சுகிறவள் இல்லை என்று அம்மாவுக்குத் தெரியும். "சரி, வை" என்றாள். உதவிக்கு இருந்த பெண்ணிடம் மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு, அழுகையை நிறுத்தாத ஒரு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேலே நடந்ததாகப் பிறகு சொன்னாள்.

நாங்கள் காத்திருந்தோம். டீச்சர் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் கழித்துப் போன் அடித்தது. எடுத்ததும் முதலில் அம்மாவின் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

"மண்ணு சரிஞ்சி கெடக்கு. கடைசிக் காம்பரா பின்பக்கமே இல்லடி. முன்னால இருந்து பாத்தா ஒன்னும் தெரியல, கதவு சாத்துன மாதிரியே இருக்கு. கூப்பிட்டுப் பாத்தேன், சத்தமே இல்ல." அதற்குப் பிறகு அம்மா யாரையோ பெயர் சொல்லிக் கத்தினாள். இணைப்பு அறுந்துவிட்டது.

அன்று காலை நடந்தது இதுதான். அவளுக்கு இரவிலிருந்து காய்ச்சல். அவளுடைய அம்மா பெனடோல் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, ஆறரைக்கு வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், அங்கிருந்து தூரத்து மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். பக்கத்துக் காம்பராக்களில் இருந்தவர்களும் வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய்விட்டார்கள். எட்டரை மணி போல வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்சுவர் சரிந்து, சமைக்கும் குசினியின் சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. பனிக்குள் அதை யாரும் பார்க்கவில்லை. சாயங்காலம் அவள் அம்மா திரும்பி வரும்வரை யாரும் அந்தப் பக்கம் போயிருக்கமாட்டார்கள்.

தொழிற்சாலையிலிருந்து என் அப்பாவும் மற்றவர்களும் மண்வெட்டியோடு ஓடினார்கள். மரஅலுமாரி கட்டிலின் மேல் சாய்ந்து விழுந்து அவளுடைய தலைக்கு மேல் ஒரு பொந்து மாதிரி இடம் கொடுத்திருந்தது. பன்னிரண்டு மணிக்கு முன்னால் அவளை வெளியே எடுத்துவிட்டார்கள். உயிர் இருந்தது.

நானும் டீச்சரும் நேராகப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் வாசலில் நின்றோம். தோட்டத்து லொறியில்தான் அவளைக் கொண்டுவந்தார்கள். தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு போனபோது அவள் முகம் முழுக்கச் செம்மண். கண்ணிமையில் கூட. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வண்டியோடு ஓடினாள். பிறகு வெளியே வந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஒனக்கு எப்பிடித்தா தெரிஞ்சிச்சி?"

நான் பொய் சொன்னேன். "அவ வரலன்னதும் மனசு கேக்கல சின்னம்மா." அந்த அம்மா என்னைக் கும்பிட்டாள். அப்போது நான் பட்ட வெட்கம் எனக்குத்தான் தெரியும்.

அவள் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். முதல் வாரம் பேச விடவில்லை. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வாட்டில் அவளுடைய அம்மா இல்லை. சுடுதண்ணீர் வாங்கக் கீழே போயிருந்தாள். இரண்டு கைகளிலும் கட்டுப் போட்டுத் தலையணையில் தூக்கி வைத்திருந்தார்கள். நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன்.

"காய்ச்ச கொஞ்சந்தான் இருந்திச்சி. எந்திரிச்சி வந்திருக்கலாம். கோவந்தான் கூட" என்றாள். அவள் அதை என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. கேட்டதற்கு உண்மையைச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் அந்த வார்த்தை என்னோடு இன்னும் இருக்கிறது.

பிறகு மண்டபத்தில் நடந்ததை அவளிடம் சொன்னேன். வேறு யாரிடமும் அதுவரை முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. சொல்லிவிட்டு, "நீ தட்டுனியா? ஆள் வரணும்னு தட்டிக்கிட்டு இருந்தியா?" என்று கேட்டேன்.

"எதால தட்டுறது? ரெண்டு கையும் அலுமாரிக்கு அடியில மாட்டிக்கிச்சி. வெரல்கூட அசையல."

"கால்?"

"கால் மண்ணுக்குள்ள." அவள் கூரையைப் பார்த்தாள். "நான் ஒன்னத்தான் கேக்கணும்னு இருந்தேன். நீ எதுக்கு அப்பிடித் தட்டிக்கிட்டு இருந்த?"

எனக்கு விளங்கவில்லை.

"வெளிய யாரோ தட்டிக்கிட்டே இருந்தாங்க. செவத்துக்கு அந்தப் பக்கம். மூணு, ரெண்டு, மூணு, ரெண்டு. என்னைய மாதிரியே. என்னைய மாதிரித் தட்டிக் கிண்டல் பண்றது நீ மட்டுந்தானே? நீ திரும்பி வந்துட்டேன்னு நெனச்சேன். அந்தச் சத்தம் கேட்டதாலதான் தூங்காம கெடந்தேன். தூக்கம் தூக்கமா வந்திச்சி."

"அப்பறம்?"

"அப்பறம் அது மெதுவாப் போச்சி. நின்னுருச்சி. நீ போயிட்டேன்னு நெனச்சேன். அதுக்குப் பொறவு ஒங்கம்மா கூப்புட்டது கேட்டிச்சி. பதில் சொல்ல வாய் வரல."

வாட்டில் பகல் வெளிச்சம் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பழத்தின் வாசனை கட்டில் முழுக்க இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருவருக்கும் மேலே கேட்கத் தைரியம் இல்லை.

அவள்தான் பேச்சை மாற்றினாள். "அந்தப் படிக்கட்டுக் கணக்க உள்ளுக்குள்ளேயே போட்டுக்கிட்டு இருந்தேன். பத்துப் படியோட நிக்கல, மேல போனேன். கடைசிப் படிக்கு ஒன்னு ஒரு படி கீழ இருந்து வரணும், இல்லாட்டி ரெண்டு படி கீழ இருந்து வரணும். வேற வழி கெடையாது. அதனால முந்துன ரெண்டு விடையையும் கூட்டுனா அடுத்தது வந்துரும். அன்னைக்கு ஒனக்குச் சொல்லத் தெரியாம இருந்திச்சி. இப்ப எழுதிக்க."

என்னிடம் தாள் இல்லை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அதுதான் அவள் வழி சொல்லி நான் எழுதிய முதல் கணக்கு.

மண்டபத்துச் சத்தத்துக்குத் தண்ணீர்ப் பைப்பு காரணமாக இருக்கலாம். அவள் கேட்டது உடைந்த கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டிய சத்தமாக இருக்கலாம். காய்ச்சலும் இருந்தது, பயமும் இருந்தது. நான் கணக்குப் படித்தவள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுக்கும் காரணம் சொல்ல என்னால் முடியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் என் கை நின்றுவிடுகிறது. அந்த அக்காவைத் தேடிக் கேட்கலாம் என்று ஒரு காலம் நினைத்திருந்தேன். அவர் தனக்குக் கேட்கவில்லை என்று சொன்னாலும் கேட்டது என்று சொன்னாலும் எனக்கு நிம்மதி இருக்காது என்பதால் தேடவில்லை.

மேல் லயத்து ஆட்கள் இரண்டு மாதம் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே இருந்தார்கள். வகுப்பறையில் சமைத்தார்கள், மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தார்கள். பிறகு கீழே தட்டையான ஒரு இடத்தில் தற்காலிக வீடு கட்டிக் கொடுத்தார்கள். அவளுக்கு வலது கையில் இரண்டு விரல் மடங்காமல் போய்விட்டது. இடது கையால் எழுதப் பழகினாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் அரசாங்கம் நடத்தும் சாதாரண தரப் பரீட்சையில் ஒவ்வொரு கணக்குக்கும் வழியை எழுதினாள். ஏ எடுத்தாள். நான் பி. இப்போது அவள் வெலிமடையில் ஒரு தனியார் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நான் பதுளையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். மாதத்தில் இரண்டு மூன்று தடவை போனில் பேசுவோம். அந்த நாளைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. அவர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது பல்கலைக்கழகத்திலிருந்து தபாலில் ஒரு கவர் வந்தது. போட்டியில் பங்குபற்றியவர்களுக்கான சான்றிதழ். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. பதிவு செய்த எல்லாருக்கும் முன்கூட்டியே அச்சடித்திருப்பார்கள் என்று டீச்சர் சொன்னார். அப்படித்தான் இருக்க வேண்டும். அவளுடைய முழுப்பெயரையும் போட்டு, அன்றைய போட்டியில் கலந்துகொண்டார் என்று அழகான எழுத்தில் இருந்தது. அவள் அதை வாங்கி இரண்டு தடவை வாசித்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, பயமும் இல்லை.

"நான் வந்தேன்னுதான் போட்டிருக்கு" என்றாள்.

அடுப்பூதிக்கொண்டிருந்த அவளுடைய அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். டீச்சர் வாசித்துக் காட்டினார். அந்த அம்மா எழுந்து சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, மகளின் கையிலிருந்து அந்தக் காகிதத்தை நோகாமல் எடுத்தாள்.

"இது நம்ம கிட்ட வேணாங்க டீச்சர். எம்புள்ள அன்னைக்கு எங்கேயும் போவல. மண்ணுக்குள்ளதான் கெடந்தா. நாந்தான் கழுவி எடுத்தேன்" என்றாள்.

டீச்சர் அதை மறுபடியும் கவரில் போட்டு, அதிபரின் அறையில் இருந்த இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு யாரும் அதைக் கேட்டு வாங்கியதாக எனக்குத் தெரியவில்லை.